சாரலும் செம்மணலும்

ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலத்துக்கு வரும் மாணாக்கர் கோஷ்டிகள் அருவியில் ஆசை தீரக் குளிக்கிறார்கள். தென்காசிக் கோபுர வாசலில் ஆளைத் தள்ளும் காற்றை வியக்கிறார்கள். அத்துடன் ஊர் திரும்பிவிடுகிறார்கள். மலை தாண்டி வரும் காற்று அப்புறம் என்ன செய்கிறது என்று கேட்பாரில்லை. உபாத்தியாயர்கள் இன்னும் ஒரு நாள் ஒதுக்கக் கூடாதா?

விடியற்காலையில் கிளம்பித் திருநெல்வேலி வழியாக நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாகப் பிரயாணம் செய்தால், திருச்செந்தூருக்கு அருகே குதிரைமொழித் தேரியை அடையலாம். ராஜஸ்தானத்துக்குப் போகாமலே பாலைவனம்! எங்கு நோக்கினும் செக்கச் சிவந்த மணல் மேடுகள். இடையிடையே பனையும் முந்திரியும். குற்றாலத்தில் சாரலாகத் தூவும் அதே தென்மேற்குப் பருவக்காற்று, கிழக்கே சமவெளியில் ஈரமற்று வீசுகிறது. உலர்ந்த செம்மண்ணை வாரிக் கடலோரத்தில் குவித்தது அதுதான். மணலில் படிந்த இரும்புத் துருவே அந்தச் சிவப்புக்குக் காரணம்.

இத்தேரிகளில் கிடைத்த சிறு கற்கருவிகளைப் பற்றி ஸாய்னர், ஆல்சின் என்ற அறிஞர்கள் 1956-ல் எழுதியிருக்கிறார்கள். சரித்திரத்துக்கு முந்தியே மனிதர் நடமாடிய மணல் இது!

நமக்கு உல்லாசமான ஆடிக் காற்று, இங்குள்ள பனையேறிக்குக் கண்ணில் மணல். பிள்ளைகள் அவர்களுடன் சற்றுப் பேசட்டும். மாலையில் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலுக்குப் போகலாம். அவ்வளவு மணலுக்கு நடுவே அங்கே ஒரு சுனை இருக்கிறது. நடுப்பகலில் மட்டும் செருப்பில்லாமல் மணலில் கால் வைக்க வேண்டாம்!