டிரம்முக்குள் வளரும் டெங்கு



2012இல் கடையநல்லூர் வட்டாரத்தை டெங்கு ஆட்டிப்படைத்ததை ஊர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்போது அது நெல்லை மாவட்டம். தென்காசி தனி மாவட்டமானது 2019இல்தான்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. குழாய்த் தண்ணீர் வரும் நாளில் குடத்திலும் டிரம்மிலும் பிடித்துவைக்கிறார்களே, அந்த நல்ல தண்ணீர்தான் அதற்கு வேண்டும். முட்டை கொசுவாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும். தண்ணீரைக் கொட்டிவிட்டால் தீர்ந்தது என்று நினைப்பவர்கள் அதிகம். முட்டையோ உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தபடியே மாதக்கணக்கில் பிழைத்துக் கிடக்கும். வாரம் ஒருமுறை தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவி, பழைய வேட்டியால் வாயைக் கட்ட வேண்டும்.

புகை மருந்து அடித்தால் தெருவுக்கே ஒரு திருப்தி. அது பறக்கும் கொசுவைத்தான் கொல்லும். டிரம்மில் நெளியும் புழுவை ஒன்றும் செய்யாது.

ஏடிஸ் பகலில் கடிக்கும். மதியம் தொட்டிலில் தூங்கும் குழந்தைக்கும் வலை வேண்டும்.

குற்றாலத்தில் சீசன் முடிந்தும் கிடக்கும் இளநீர்க் கூடுகளிலும் டீ கப்புகளிலும் ஐப்பசி மழை நிரம்பும். பேரூராட்சி அவற்றை ஆவணியிலேயே அள்ளிவிட வேண்டும்.

– வாசகர், தென்காசி