கரைவெட்டிக்கு வந்த விருந்தினர்

மாசிப் பனி விலகிவரும் இந்நாட்களில், குரும்பலூர், பெரம்பலூர் வட்டாரத்துப் பெற்றோர்க்கு ஓர் அன்பு வேண்டுகோள். விடுமுறை நாளொன்றில் ஸுப்ஹுத் தொழுகையை முடித்ததும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரிக்குப் புறப்படுங்கள். பங்குனி முதிர்ந்தால் நீர் குறையும், விருந்தினரும் திரும்பிவிடுவர்.

1999-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இவ்வேரி, ஏறத்தாழ 454 ஹெக்டேர் பரப்புடையது. மேட்டூர் அணையின் காவிரி நீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியே வந்து இதனை நிரப்புகிறது. 2024-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இது இடம்பெற்றது.

கூழைக்கடா, கரண்டிவாயன், நத்தைகுத்தி நாரை, ஊசிவால் வாத்து எனப் பலவற்றை இங்குக் காணலாம். தலையில் இரு கறுப்புக் கோடுகள் கொண்ட வரித்தலை வாத்தைப் பிள்ளைகளுக்குத் தவறாமல் காட்டுங்கள். திபெத், மங்கோலியா போன்ற பகுதிகளின் ஏரிகளில் குஞ்சு பொரிக்கும் இப்பறவை, இமயத்தைக் கடந்து வருகிறது. 7,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இது பறந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். சிறகை விரித்தும் மடக்கியும் பறப்பவற்றைப் பார்த்துச் சிந்திக்குமாறு அல்முல்க் அத்தியாயத்தில் வல்ல இறைவன் நம்மை அழைக்கின்றானே, அதன் பொருள் அங்கே கண்முன் விரியும்.

இத்தனை தொலைவு வந்த பறவைக்கு நம் மண்ணில் என்ன காத்திருக்கிறது? சிறுவர் கையில் உண்டிவில். பெரியோர் சிலர் கையில் வலை. கொக்கும் மடையானும் கறியாக விலைபோகின்றன. “வேட்டை ஹலால்தானே?” என்பர் சிலர். உணவுக்காக வேட்டையாட மார்க்கம் அனுமதித்தது உண்மையே. ஆனால், பயணம் ஒன்றில் தோழர்கள் ஒரு பறவையின் குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை பதறிச் சிறகடித்ததைக் கண்ட அண்ணல் நபி (ஸல்) அவர்கள், அவற்றைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னதை அபூதாவூத் நூலில் காண்கிறோம். உயிருள்ளதை அம்புக்கு இலக்காக்கி விளையாடுவதையும் அவர்கள் வன்மையாகக் கண்டித்தார்கள். மேலும், 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி, இப்பறவைகளை வேட்டையாடுவது குற்றமாகும்.

பம்பாயில் 1896-இல் பிறந்த ஸாலிம் அலீ, சிறுவராக இருந்தபோது ஒரு குருவியைச் சுட்டார். அதன் தொண்டையில் மஞ்சள் நிறம் இருக்கக் கண்டு ஐயுற்று, தம் மாமாவிடம் காட்டினார். மாமா அவரைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். அந்த ஐயமே அவரை நாடறிந்த பறவையியல் அறிஞராக்கிற்று. 1976-இல் பத்மவிபூஷண் விருதும் அவரைத் தேடி வந்தது. நம் பிள்ளைகளுக்கும் இக்கல்வி எட்டாததன்று.

ஆகவே, உண்டிவில்லை வாங்கி வைத்துவிட்டு, பிள்ளையின் கையில் ஒரு குறிப்பேட்டைக் கொடுங்கள். கரையில் நின்று மெல்லப் பேசுங்கள். பறக்கவைத்துப் பார்க்கக் கல்லெறிய விடாதீர்கள். தின்பண்ட உறைகளை வீட்டுக்கே எடுத்துவாருங்கள். கண்ட பறவைகளின் பெயர்களை அன்றிரவு உம்மாவிடமும் நன்னியிடமும் பிள்ளை சொல்லிக்காட்டட்டும். இன்ஷா அல்லாஹ், அடுத்த ஆண்டு அப்பிள்ளையே நம்மை அழைத்துச் செல்லும்.