முதலில் பறிபோவது தமிழ்

எங்கள் வீட்டில் இரண்டு வருடங்கள் தமிழ் கதைப்பது தடைசெய்யப்பட்டிருந்தது. தடை விதித்தது கியூபெக் அரசு அல்ல, நான்தான்.

மகளுக்கு மூன்று வயதில் ஆட்டிசம் என்று எழுதித் தந்தார்கள். அவள் அப்போது ஒரு சொல்லும் பேசவில்லை. பேச்சுப் பயிற்சி தந்தவர் கனிவான மனிதர்தான். வீட்டில் எத்தனை மொழி என்று கேட்டார். தமிழ், ஆங்கிலம், கொஞ்சம் பிரெஞ்சு என்றோம். "ஒன்றைத் தெரிவுசெய்யுங்கள். பள்ளிக்கூடம் பிரெஞ்சில் என்றால் வீட்டிலும் பிரெஞ்சு. பிள்ளையைக் குழப்பாதீர்கள்" என்றார். நானும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எதை விடுவது என்று விவாதிக்கக்கூட இல்லை. அது தமிழ்தான் என்பது இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

வீட்டில் நான்காவதாக ஒருவர் இருந்தார், பிள்ளையின் அம்மம்மா. வடமராட்சியிலிருந்து வந்தவர். பிரெஞ்சில் 'போன்ஜூர்' தவிர வேறொன்றும் அறியாதவர். நாங்கள் வேலைக்குப் போனபின் பிள்ளையோடு அதிக நேரம் இருந்தவரும் அவர்தான். தடை வந்தபின் அவர் பேத்திக்குப் பேசாமல் சோறூட்டினார், பேசாமல் தலைவாரினார். ஒருநாள் என்னிடம் கேட்டார்: "தம்பி, அப்ப நான் பிள்ளையோட என்னத்தில கதைக்கிறது?" என்னிடம் பதில் இருக்கவில்லை. "கொஞ்ச நாளைக்குத்தான் மாமி" என்றேன்.

அந்த ஆலோசனை பிழையானது. அது பிழை என்பதை விளக்கும் வேலை நடந்ததே இந்த நகரத்தில்தான். மக்கில் பல்கலைக்கழகத்தின் ஃபிரெட் ஜெனசி, ஜொஹான் பரடிஸ், மார்தா கிராகோ ஆகியோரோடு சேர்ந்து இருமொழி வளர்ச்சியையும் மொழிக் குறைபாடுகளையும் பற்றி எழுதிய நூல் 2004இல் வந்துவிட்டது. மொழி வளர்ச்சியில் சிரமம் உள்ள பிள்ளைக்கு இரண்டாவது மொழி கூடுதல் சுமை என்ற நம்பிக்கைக்குச் சான்று இல்லை என்பது அதன் சாரங்களில் ஒன்று. 2005இல் எலிசபெத் கே-ரெய்னிங் பேர்ட் குழுவினர் டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளைப் பார்த்தார்கள். இருமொழிப் பிள்ளைகள், ஒருமொழிப் பிள்ளைகளைவிட ஆங்கிலத்தில் பின்தங்கியிருக்கவில்லை. பின்னர் மக்கில்லிலேயே அனா மரியா கொன்சாலெஸ்-பரேரோவும் அபர்ணா நடிக்கும் ஆட்டிசம் உள்ள இருமொழிப் பிள்ளைகளை ஆராய்ந்தார்கள். அங்கும் இருமொழி தீங்கு செய்ததற்கு அடையாளம் இல்லை.

இந்த ஆய்வுகள் சிறியவை, அவற்றில் வரும் பிள்ளைகள் பெரும்பாலும் பேசுகிறவர்கள் என்று யாரும் சொல்லலாம். சொல்வதும் நியாயம். ஆனால் ஒரு பிள்ளையிடமிருந்து அவளுடைய அம்மம்மாவைப் பறிக்கச் சொல்பவர்தானே சான்று தர வேண்டும்? பறிக்காதே என்பவனிடம் ஏன் கேட்கிறோம்?

அந்தப் பயிற்சியாளரோடு எனக்குச் சண்டை இல்லை. அவர் தன் துறையில் பழைய பாடத்தைச் சொன்னார். என் சண்டை நம்மோடு. நாற்பது வருடமாக ஒவ்வொரு மேடையிலும் 'மொழி போனால் இனம் போகும்' என்று முழங்குகிற சமூகம் நாம். பிள்ளை தமிழில் பதில் சொல்லாவிட்டால் வெட்கப்படுகிறோம். பிறகு ஒரு பிள்ளைக்கு நோய்க்குறிப்பு ஒன்று வந்ததும், எதிர்த்து ஒரு கேள்வி கேட்காமல் அவளிடமிருந்து தமிழை எடுத்துவிடுகிறோம். ஏன் அவ்வளவு சுலபமாக முடிந்தது? அந்தப் பிள்ளையைத் தமிழுக்கு வெளியே நிறுத்த நாம் முன்பே முடிவுசெய்துவிட்டோம் என்பதுதான் என் பதில். பயிற்சியாளர் அதற்கு ஒரு சீட்டு எழுதித் தந்தார், அவ்வளவே.

நம்பாதவர்கள் ஒரு சனிக்கிழமை காலை தமிழ்ப் பள்ளிக்கு அப்படியொரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். தடை நீங்கியபின் நான் போனேன். யாரும் கடுமையாகப் பேசவில்லை. "அண்ணை, எங்களிட்ட அதுக்குப் படிச்ச ஆக்கள் இல்லை. மற்றப் பெற்றோரும் ஒருமாதிரி நினைப்பினம். வீட்டில வைச்சுச் சொல்லிக் குடுங்கோவன்" என்றார்கள். தேநீரும் தந்தார்கள்.

இதோடு கியூபெக் பள்ளியை ஒப்பிட்டுப் பாருங்கள். 1977இன் 101ஆம் சட்டத்தின்படி நம் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளிக்குப் போகிறார்கள், அதைப் பற்றி நாம் முணுமுணுப்பதும் உண்டு. அதே கியூபெக்கின் கல்விச் சட்டம் மற்றப் பிள்ளைகளுக்கு 18 வயதுவரை தரும் இலவசக் கல்வியை ஊனமுள்ள பிள்ளைக்கு 21 வயதுவரை தருகிறது. பெற்றோரையும் உட்கார்த்தி வைத்து, அந்தப் பிள்ளைக்கென்று தனித் திட்டம் எழுதச் சொல்கிறது. ஆட்டிசம் என்றால் கோப்பில் 50 என்ற குறியெண் விழும். அந்த எண் எனக்குப் பிடிக்கவில்லை. உதவியாளருக்காக மாதக்கணக்கில் காத்திருப்பதும் பிடிக்கவில்லை. ஆனாலும் அங்கே அவளுக்கு ஒரு கதிரை இருக்கிறது. 2012இல் கனடாவின் உச்ச நீதிமன்றம் மூர் வழக்கில், டிஸ்லெக்சியா உள்ள ஒரு மாணவனுக்கு வேண்டிய சிறப்புக் கல்வி ஆடம்பரம் அல்ல, எல்லாருக்கும் உரிய கல்விக்குள் அவன் நுழைவதற்கான சாய்தளம் என்றது. நம் தமிழ்ப் பள்ளி வாசலில் அந்தச் சாய்தளம் இல்லை. படி மட்டும்தான், அதில் நின்று தேநீர் குடிக்கலாம்.

இனி புத்தகங்களுக்கு வருகிறேன். இலக்கிய இதழின் வாசகர்கள் நாம், நம் பொறுப்பு அங்கேதான்.

தமிழில் எதுவுமே இல்லை என்று சொல்லமாட்டேன். யெஸ். பாலபாரதியின் 'ஆட்டிசம்: சில புரிதல்கள்' எங்கள் வீட்டில் அட்டை கிழியும்வரை வாசிக்கப்பட்டது. அவருடைய 'துலக்கம்' நாவல், ஆட்டிசம் உள்ள சிறுவனைக் கதையின் நடுவில் வைத்தது. லக்ஷ்மி பாலகிருஷ்ணனின் 'எழுதாப் பயணம்' ஒரு தாயின் நேர்மையான பதிவு. இவர்கள் எழுதியிருக்காவிட்டால் என் போன்றவர்கள் இன்னும் தனிமைப்பட்டிருப்போம். ஆனால் இந்த வகை நூல்களை வாங்கி, பாராட்டி, 'கண்கலங்கிவிட்டேன்' என்று எழுதிவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோம். அவற்றில் வரும் பிள்ளைக்கு நம் ஊரில் யாராவது ஒரு பிறந்தநாள் அழைப்பு அனுப்பினோமா?

கதைகளில் அந்தப் பிள்ளைக்கு நாம் தரும் வேலை இன்னும் மோசம். 1990இல் வந்த 'அஞ்சலி'யை நாம் எல்லாரும் பார்த்து அழுதோம். குழந்தை எல்லார் மனதையும் மாற்றுகிறது, பிறகு இறந்துவிடுகிறது. அழுதவர்களில் எத்தனை பேருக்கு, அது இறக்காமல் பத்தாம் வயதில் எந்தப் பள்ளிக்குப் போயிருக்கும் என்று கேட்கத் தோன்றியது? 'பேரன்பு' எவ்வளவோ மேல். அதிலும் அப்பனும் மகளும் கடலுக்குள் இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் திரும்ப வேண்டியிருக்கிறது. நாம் விரும்பும் பிள்ளை ஒன்றில் சாக வேண்டும், இல்லை பதக்கம் வெல்ல வேண்டும். சும்மா இருந்து, வளர்ந்து, அடம்பிடித்து, பாடம் படிக்கிற பிள்ளைக்கு நம் கதைகளில் இடம் குறைவு.

சொற்களில் மட்டும் நாம் கெட்டிக்காரர்கள். ஔவையார் பெயரில் வழங்கும் 'அரிது' பாட்டில் கூனும் குருடும் இல்லாமல் பிறப்பதே பேறு என்று குழந்தைகளுக்கு மனப்பாடம் செய்விக்கிறோம். பொறியின்மை யாருக்கும் பழி அல்ல என்கிற 618ஆம் குறளைச் சொல்லிக்கொடுக்கும்போது அதை விதி என்று விளக்கிவிட்டுப் போகிறோம். உறுப்புக் குறை என்று பொருள் கொண்டவர்களும் உண்டு என்பதை யாரும் வகுப்பில் சொல்வதில்லை. கருணாநிதி முதல்வராக இருந்தபோது 'மாற்றுத்திறனாளி' வந்தது, நல்ல எண்ணத்தில்தான். அதே தமிழ்நாட்டின் அரசுப் படிவங்களில் ஆட்டிசம் உள்ளவர்கள் 'புற உலகச் சிந்தனையற்றோர்' ஆனார்கள். பனிச்சப்பாத்தின் உள்ளே ஒரு மடிப்பு இருந்தால் கத்துகிற என் மகளுக்குப் புற உலகம் பற்றி உள்ள சிந்தனை எனக்கில்லை.

மாதிரி வேண்டுமானால் ஒன்று நம் அலுமாரியிலேயே இருக்கிறது. தெத்சுகோ குரோயநாகி 1981இல் எழுதிய 'டோட்டோ-சான்' தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் வழியாக எத்தனையோ வீடுகளுக்கு வந்திருக்கிறது. சுதந்திரமான பள்ளி என்று அதைக் கொண்டாடுகிறோம். அந்தப் பள்ளியில் யார் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். போலியோ வந்த யாசுவாகியை டோட்டோ-சான் ஏணி வைத்து, இழுத்து, வியர்த்து, தன் மரத்தில் ஏற்றுகிறாள். மேலே உட்கார்ந்து அவன் அவளுக்குத் தொலைக்காட்சி என்கிற புதுப் பொருளைப் பற்றிச் சொல்கிறான். வளர்ச்சி நின்றுபோன தகாஹாஷி வெல்லும்படியாகத் தலைமையாசிரியர் கோபாயாஷி விளையாட்டு விழாவின் போட்டிகளையே அமைக்கிறார். யாசுவாகியும் அந்தப் புத்தகத்தில் இறக்கிறான்தான். ஆனால் அதற்குமுன் மரம் ஏறிவிட்டான், ஒரு சிநேகிதியும் இருந்தாள். இதே வழியில், சென்னையின் தூலிகா பதிப்பகம் வெளியிட்ட 'கேட்ச் தட் கேட்!' படக்கதையில் சிறுமி சக்கர நாற்காலியில் இருக்கிறாள். கதையோ காணாமல்போன பூனையைப் பற்றியது. இப்படிப்பட்ட கதையைச் சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளையும் வாசிக்கலாம், தனக்கு யாரும் பாடம் நடத்துகிறார்கள் என்று தோன்றாமல்.

யார் பேசுவது என்ற கேள்வியும் இருக்கிறது. 2004இல் ஆட்டன் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, பெற்றோர் ஒரு பக்கம், பிரிட்டிஷ் கொலம்பியா அரசு மறுபக்கம். ஆட்டிசம் உள்ளவர்களுக்காக ஆட்டிசம் உள்ள ஒருவரே வாதங்களை முன்வைத்தார். மொன்றியலில் தபால் ஊழியராக இருந்த மிஷெல் டாசன். பிறகு லோரான் மொத்ரோனின் ஆய்வுக் குழுவில் இணைந்து கட்டுரைகள் எழுதினார். பெற்றோர்கள் சொன்னதெல்லாம் தன்னைப் பற்றிய உண்மை அல்ல என்று அவர் சொன்னது பெற்றோருக்குக் கசந்தது. எனக்கும் கசக்கிறது. இந்தக் கட்டுரையும் ஒரு தகப்பன் எழுதுவதுதான், மகள் எழுதியது அல்ல.

"களைத்துப்போன பெற்றோரிடம் இன்னும் தமிழையும் சுமக்கச் சொல்கிறீரா?" என்று கேட்பீர்கள். இல்லை. விரும்பித் தமிழை விடுகிற குடும்பம் விடட்டும், அது அவர்கள் உரிமை. நான் கேட்பது, விடாதிருக்க விரும்புகிறவர்களுக்கு வாசல் திறந்திருக்க வேண்டும் என்பதை. சனிக்கிழமைப் பள்ளிகள், படித்த ஆள் வரும்வரை காத்திராமல், பெற்றோர் ஒருவர் கூட இருக்கும் நிபந்தனையோடாவது அந்தப் பிள்ளைகளைச் சேர்க்கட்டும். பேச்சுப் போட்டியில் பேசாத பிள்ளை தட்டுக்கணினியில் சொல்வதையும் பேச்சு என்று ஏற்கட்டும். இந்த இதழ் உட்பட நம் இதழ்கள், ஊனமுள்ளவர்கள் தாங்களே எழுதியதைக் கேட்டு வாங்கிப் போடட்டும். நூல் வெளியீட்டுக்கு மண்டபம் எடுக்கும்போது அங்கே சாய்தளமும் சத்தமில்லாத ஒரு அறையும் உண்டா என்று கேட்கட்டும். இவற்றுக்கு நிதி திரட்டும் விழா தேவையில்லை.

எங்கள் வீட்டில் தடை முடிந்து ஆறு வருடமாகிறது. மகளுக்கு இப்போது பதினொன்று. அவளுடைய தட்டுக்கணினியில் படங்களுக்குப் பிரெஞ்சுச் சொற்களோடு தமிழ்ச் சொற்களையும் சேர்த்தோம், குரல் அம்மம்மாவினுடையது. அவள் தானாக அழுத்திய முதல் தமிழ்ச் சொல் 'அம்மா' அல்ல, 'அப்பா'வும் அல்ல. அம்மம்மா ஒருநாள் தேவாரம் பாடிக்கொண்டிருந்தபோது, அம்மம்மாவின் குரலிலேயே அவளுக்குச் சொன்னாள்: 'போதும்.' மாமி பாட்டை நிறுத்திவிட்டு, "அப்ப விளங்குது என்ன, இவ்வளவு நாளும்" என்றார்.

வரும் செப்டெம்பரில் அதே தமிழ்ப் பள்ளிக்குப் பதிவுப் படிவத்தோடு மறுபடியும் போகிறேன். இம்முறை தேநீர் வேண்டாம்.