பத்து லட்சம் கவர் இருக்கு, சரி... சப்-லிமிட் எவ்வளவு?

ஹெல்த் இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது நாம பார்ப்பது ரெண்டே நம்பர்தான்: பிரீமியம், கவரேஜ். என்னைக் கேட்டா, மூணாவது நம்பர்தான் முக்கியம். ஏன்னு ஒரு உதாரணத்தோட சொல்றேன்.

பித்தநாளப் புற்றுநோய் பெரும்பாலும் முற்றிய பிறகுதான் தெரியவரும். அப்போ ஆபரேஷனுக்கு வழியிருக்காது, மருந்துதான். பிரிட்டனில் 410 பேரிடம் நடந்த ஏபிசி-02 ஆய்வின் முடிவு 2010-ல் வந்தது. ஜெம்சைட்டபின் மட்டும் எடுத்தவர்களில் பாதிப் பேர் 8.1 மாதத்தைத் தாண்டினார்கள். கூடவே சிஸ்பிளாட்டினும் கொடுத்தபோது அது 11.7 மாதம் ஆனது. இரண்டுமே பழைய மருந்துகள், ஜெனரிக்கில் கிடைக்கும்.

அடுத்து 685 பேரிடம் நடந்த டோபாஸ்-1 ஆய்வில், இந்த ஜோடியுடன் டுர்வலுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தையும் சேர்த்தார்கள். 2022-ல் வந்த முடிவு: 11.5 மாதம், 12.8 மாதமானது. "வெறும் 1.3 மாசத்துக்கா இவ்வளவு செலவு?"ன்னு தோணும். ஆனா ரெண்டு வருஷம் கழிச்சுப் பாருங்க: பழைய ஜோடியில் 100-க்கு சுமார் 10 பேர் உயிரோடு இருந்தார்கள், புதுக் கூட்டணியில் சுமார் 25 பேர்.

அந்தக் கூடுதல் 15 பேரில் நம்ம அப்பாவோ அம்மாவோ இருக்கலாம். அதுக்கு முதல்ல மருந்து வாங்கப் பணம் வேணும். 2024 ஜூலை பட்ஜெட்டில் டுர்வலுமாப்புக்கு சுங்கவரியை நீக்கினாங்க. அப்பவும் செலவு லட்சங்களில்தான். அதுவும் ஒரு ஊசியோட முடியாது, மாசக்கணக்கில் போடணும்.

இங்கதான் மூணாவது நம்பர் வருது. இம்யூனோதெரபி மாதிரியான நவீன சிகிச்சைகளை ஒதுக்கக் கூடாதுன்னு ஐஆர்டிஏஐ 2019-லேயே சொல்லிடுச்சு. ஆனா சப்-லிமிட் வைக்க அனுமதி உண்டு. 10 லட்சம் கவரில் இம்யூனோதெரபிக்கு 25 சதவீதம்னு இருந்தா, கிடைப்பது இரண்டரை லட்சம்தான்.

"இது அபூர்வமான நோய்தானே?" உண்மைதான். ஆனா கீமோவோட இம்யூனோதெரபி சேர்க்கிற முறை இப்போ நுரையீரல் புற்றுநோய்க்கும் இருக்கு. அதனால என் கருத்து: சப்-லிமிட் உள்ள 20 லட்சம் பாலிசியைவிட, சப்-லிமிட் இல்லாத 10 லட்சம் பாலிசி மேல். கம்பெனி பாலிசி வேலையை விட்டதும் போயிடும். உடம்பு நல்லா இருக்கும்போதே சொந்தமா ஒண்ணு எடுத்துடுங்க.

இன்னைக்கே பாலிசி பிடிஎஃப்-ஐத் திறந்து 'மோனோக்ளோனல் ஆன்டிபாடி'ன்னு தேடுங்க. பக்கத்துல என்ன நம்பர் இருக்குன்னு கமெண்ட்ல சொல்லுங்க.