வரைகலை அட்டை வாங்குமுன்

லினக்ஸ் இயங்கும் மேசைக் கணினிக்குக் குறைந்த விலையில் எந்த வரைகலை அட்டை வாங்கலாம் எனப் பெற்றோர் சிலர் வினவுகின்றனர். அட்டை தேவைதானா என்பதை முதலில் பாருங்கள். தட்டெழுதவும் பாடக் காணொளி பார்க்கவும் செயலியில் உள்ளமைந்த வரைகலையே போதும். இன்டெல் செயலியின் பெயர் 'எஃப்' என முடிந்தால் அவ்வசதி இராது.

விளையாட்டுக்காக அட்டை வேண்டுமெனில், விலைக்கு முன் டிரைவர் எனப்படும் இயக்கு நிரலை நோக்குங்கள். ஏஎம்டி அட்டைகளுக்கான திறந்த நிரல் 2015 முதல் லினக்ஸ் கருவிலேயே உள்ளது. பெரும்பாலும் தனியே எதையும் நிறுவ வேண்டியதில்லை. என்விடியாவின் ஜிடி 710 மலிவுதான்; மயங்காதீர்கள். அதற்கான நிறுவன நிரல் 470-ஆம் வரிசையோடு நின்றது. 2024-இல் ஆதரவும் முடிந்தது. புதிய கருவோடு அது இணங்காமற் போகலாம். நூவோ என்னும் திறந்த நிரல் திரையைக் காட்டும். விளையாட்டுக்கு வேகம் போதாது.

2022-இல் வந்த ஏஎம்டி ஆர்எக்ஸ் 6400 ஏறத்தாழ 53 வாட் மின்சாரமே கொள்ளும். தனி மின்கம்பி வேண்டாம். ஆயினும் பழைய தாய்ப்பலகையில் வேகம் குறையும். காணொளிப் பதிவுக்கான குறியாக்கச் சுற்றும் அதில் இல்லை. கடைக்காரர் இசைந்தால், லினக்ஸ் பதிந்த யுஎஸ்பி குச்சியால் கணினியைத் துவக்கி, பணம் கொடுக்குமுன் அங்கேயே சோதித்துக் கொள்ளுங்கள்.