கருவி வாங்குமுன் கணக்கு வேண்டும்

பொதுஜனங்களின் பணத்தில் கருவி வாங்கும் எந்த இலாகாவும், செய்ய வேண்டிய வேலை இன்னதென்று நிச்சயித்த பிறகே விலை பேச வேண்டும். நில அளவை, வனம், பொதுப்பணி முதலிய இலாகாக்கள் ஜி.பி.எஸ். கருவிகள் வாங்கத் திட்டமிடுகையில், எத்தனை கருவி, என்ன விலை என்ற கேள்விகள் முந்திக்கொள்ளுமானால், எவ்வளவு துல்லியம் தேவை என்ற கேள்வி மறைந்துபோகும். அதன் பலனை அனுபவிக்கிறவர் அதிகாரிகளல்லர், குடியானவரே.

ஒரு சிறு கணக்கைக் கவனிப்போம். சதுரமான மூன்று சென்டு மனையின் பக்கம் ஏறக்குறைய 11 மீட்டர். ஒரு பக்கத்து எல்லை 3 மீட்டர் நகர்ந்தால் முக்கால் சென்டுக்கு மேல் பறிபோகும். கையடக்கக் கருவியோ திறந்த வெளியிலேயே சில மீட்டர் பிழை காட்டவல்லது. மரச் செறிவிலும் உயர்ந்த கட்டடங்களின் நடுவிலும் பிழை இன்னும் பெருகும். வனக் காவலர் ரோந்து சென்ற வழியைக் குறிக்கவும், ஏரி மதகின் இடத்தைப் பதியவும் அது தாராளமாய்ப் போதும். பட்டா எல்லையைத் தீர்க்க அதனை நம்புவது ஏழையைக் கோர்ட்டு வாசலுக்கு அனுப்புவதேயாகும். அவ்வேலைக்கு, இடம் திட்டமாய் அறியப்பட்ட தரை நிலையத்திலிருந்து திருத்தம் பெற்று, சில சென்டிமீட்டருக்குள் அளக்கும் உயர்தரக் கருவி வேண்டும்.

அப்படியானால் எல்லோருக்கும் உயர்தரக் கருவியே வாங்கலாமே என்று சிலர் கேட்கக்கூடும். அதன் விலை பன்மடங்கு அதிகம். மதகைக் குறிக்க அதை வாங்குவது வீண் செலவு. மனையை அளக்க மலிவானதை வாங்குவது அநியாயம். ஆகவே வேலைகளைத் தரம் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உரிய கருவியை உரிய எண்ணிக்கையில் வாங்குவதே விவேகம்.

இன்னொரு விஷயமும் உண்டு. ஜி.பி.எஸ். அமெரிக்க சர்க்காரின் உடைமை. 2000ம் ஆண்டு மே மாதம் வரை பிறர் பெறும் சமிக்ஞையில் அவர்கள் வேண்டுமென்றே பிழை கலந்து வந்தார்கள். அன்னியர் தயவு ஒன்றையே நம்பி நாம் நிலம் அளக்கலாகாது. நமது நாவிக் ஏற்பாட்டின் முதல் செயற்கைக்கோள் 2013ல் ஏவப்பட்டது. ஆயினும் 2025 ஜனவரியில் ஏவிய என்.வி.எஸ்.-02 உரிய பாதையை எட்டவில்லை. நாவிக் மட்டும் போதுமென்றும் இருக்க முடியாது. நாவிக்குடன் ஜி.பி.எஸ்., ரஷ்ய, ஐரோப்பிய சமிக்ஞைகளையும் சேர்த்துப் பெறும் கருவியையே கேட்க வேண்டும்.

கருவியின் ஆயுளும் கணக்கில் சேரட்டும். ஜி.பி.எஸ். சமிக்ஞையின் பழைய வாரக் கணக்கு 1024 வாரங்களுக்கு ஒருமுறை பூஜ்யத்துக்குத் திரும்புவது. 2019 ஏப்ரலில் அவ்வாறு திரும்பியபோது, மென்பொருள் புதுப்பிக்கப்படாத பழைய கருவிகள் சில தவறான தேதி காட்டின. புதுப்பித்தல், பழுது பார்த்தல், பாட்டரி, திருத்தச் சேவைக்குரிய கட்டணம், சர்வேயர்களுக்குப் பயிற்சி ஆகிய இவற்றுக்கெல்லாம் பணம் ஒதுக்காத திட்டம் அரைத் திட்டமே.

1802ல் பரங்கிமலைக்கருகே லாம்டன் ஏழரை மைல் நீள அடிக்கோடு ஒன்றை அளக்கப் பல வாரம் உழைத்தார். அன்று அன்னிய ஆட்சியின் தேவைக்கே அத்தனை கவனம் செலுத்தப்பட்டது. சுதந்திர நாட்டில் சொந்தக் குடிகளின் மண்ணை அளக்க அதற்குக் குறைந்த கவனம் போதுமா? டெண்டர் அழைக்குமுன் ஒவ்வோர் இலாகாவும், தனக்குத் தேவையான துல்லியத்தை எழுத்தில் பிரசுரிக்க வேண்டும். வாங்கிய கருவியை, இடமறிந்த அளவுக்கல்லின் மேல் வைத்துச் சோதித்த பின்னரே பணம் கொடுக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறோம்.