முற்றத்துச் சருகும் மண்ணின் செல்வமும்

மாலை வேளையில் முற்றம் பெருக்கிச் சருகைக் கூட்டித் தீ மூட்டும் வழக்கம் நம்மிற் பலருக்கு உண்டு. குப்பை ஒழிந்தது, முற்றமும் துப்புரவாயிற்று என்று மகிழ்கின்றோம். ஆயின், ஒழிந்தது குப்பை மாத்திரந்தானா? இவ்வாரம் இதனைச் சற்று ஆராய்வோம்.

இலை என்பது, மரம் காற்றிலிருந்து பெற்ற காபனைக் கொண்டு ஆக்கிய பொருள். அதனை எரித்தால் அக்காபன் புகையோடு போய்விடும். மண்ணிற் புதைத்தாலோ, நுண்ணுயிர்கள் பெரும்பகுதியை உண்டு காபனீரொட்சைட்டாக வெளிவிட, எஞ்சியது உக்கலாகி மண்ணோடு ஒன்றும். உலக நிலத்தின் மேல் ஒரு மீற்றர் ஆழத்தில் மாத்திரம் இவ்வாறு தங்கியுள்ள காபன் ஏறத்தாழ 1,50,000 கோடி தொன். வளிமண்டலத்திலுள்ள காபனிலும் இது மிகுதி.

இச்செல்வம் எங்கும் ஒரே அளவாய்த் தங்குவதில்லை. குளிர் மிக்க ஹோட்டன் சமவெளியில் இலைகுழை மெதுவாக உக்குவதால் மண் கறுத்திருக்கும். முத்துராஜவெலச் சதுப்பில் நீர் தேங்கி ஒட்சிசன் குறைவதால், தாவரப் பொருள் முற்றும் உக்காது படிந்துள்ளது. யாழ்ப்பாணத்துச் செம்மண்ணிலோ வெப்பம் மிகுதி. இறைப்பும் கொத்தும் ஓய்வதில்லை. ஆதலின் உக்கல் விரைவிற் கரைந்துவிடும்.

இங்கிலாந்தில் ஹோம் பென் என்னும் சதுப்பில், 1851ஆம் ஆண்டளவில், தலை நிலமட்டத்தில் நிற்குமாறு ஓர் இரும்புத் தூண் நாட்டப்பட்டது. இன்று அது ஏறத்தாழ 4 மீற்றர் வெளியே தெரிகின்றது. தூண் வளரவில்லை, நீர் வடிக்கப்பட்ட நிலம் சுருங்கியும், காற்றுப்பட்டு உக்கியும் தாழ்ந்துவிட்டது!

நம் முன்னோர் காபன் என்ற சொல்லை அறியார். எனினும் பூவரசங்குழை தாழ்த்தினர், பனையோலை புதைத்தனர், தோட்டத்தில் ஆடுமாடுகளைப் பட்டி அடைத்தனர். மண் எடுத்துக்கொண்டே இருக்கும், நாம் கொடுத்துக்கொண்டே இருத்தல் வேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

அதற்காகச் செயற்கை உரத்தை ஒரே நாளில் கைவிடலாம் என்று நாம் கூறவில்லை. 2021ஆம் ஆண்டில் அதன் இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டபோது நெல் விளைச்சல் வீழ்ந்ததைக் கண்டோம். உக்கல் ஒரு போகத்திற் சேரும் பொருளன்று, ஆண்டுக்கணக்காகச் சேர்வது.

ஆகவே, வளவின் ஒரு மூலையிற் கிடங்கு ஒன்று வெட்டுங்கள். சருகு, காய்கறித் தோல், சாணம் ஆகியவற்றை அடுக்கடுக்காக இட்டு ஈரம் காயாது பாருங்கள். சில மாதங்களில் கத்தரிக்கும் வாழைக்கும் நல்ல எரு கிடைக்கும். நாளை மாலை தீப்பெட்டியை அடுக்களையிலேயே விட்டுவிட்டு முற்றம் பெருக்குவோமாக.